போர்டைக் கடைசியில் வாங்குங்கள்: மாணவர் செயற்றிட்டத்துக்கு நுண்கட்டுப்படுத்தி தெரிவுசெய்யும் முறை

முதலில் போர்டை வாங்கிவிட்டு, பிறகு அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் மாணவர்கள்தான் அதிகம். கொழும்பில் இருப்பவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. பிழைத்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் அன்றைக்கே வேறொன்று வாங்கிவரலாம். மஸ்கெலியாவிலோ பசறையிலோ இருப்பவருக்குப் பிழையான போர்ட் என்றால் இன்னொரு கூரியர் காசு, இன்னும் சில நாள் காத்திருப்பு. கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கையில் அது தாங்காது.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். முதலில் இடம், அடுத்து உணரி, பிறகு மின்சாரம், எல்லாம் முடிந்த பின் போர்ட். எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது மாணவர் செயற்றிட்டங்களில் கிட்டத்தட்ட ஒருபோதும் பிரச்சினையாவதில்லை. வோல்ட் பொருந்தாமை, நினைவகம் போதாமை, பட்டரி படுத்துவிடுதல், ஈரம் ஆகிய நான்கும்தான் வேலையைக் கெடுக்கின்றன.

ஒரு சொல் விளக்கம். நுண்கட்டுப்படுத்தி என்பது அந்தச் சிறிய கறுப்புச் சில்லு மட்டும்தான். கடையில் விற்கும் போர்டில் அதோடு ஒரு வோல்ட் சீராக்கி, ஒரு யூஎஸ்பி சில்லு, ஓரிரு எல்ஈடி எல்லாம் சேர்ந்திருக்கும். பல கோளாறுகள் இந்த உபரிப் பாகங்களால் வருபவை. கீழே படிக்கும்போது இந்த வேறுபாடு உதவும்.

படி 1: ஒரு தாளில் ஐந்து வரி

எதை அளக்கப்போகிறீர்கள், எதை இயக்கப்போகிறீர்கள், கருவி எங்கே இருக்கும், கரண்ட் எங்கிருந்து வரும், விடை மனிதருக்கு எப்படிப் போய்ச் சேரும். இந்த ஐந்தையும் எழுதாமல் கடைக்கு அழைப்பு எடுக்க வேண்டாம். இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்.

முதலாவது, தொட்டி. லயத்துக்கு மேலே மேட்டில், 30 மீற்றர் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி. பீலித் தண்ணீர் குழாய் வழியே வந்து விழுகிறது. நிரம்பினால் வீட்டுக்குள் பஸர் அடிக்க வேண்டும், வற்றினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். போர்ட் வீட்டுக்குள், கரண்ட் போன் சார்ஜரிலிருந்து.

இரண்டாவது, மழைமானி. தேயிலை மலைச் சரிவில் தனியே நிற்கும். சாய்ந்து கொட்டும் வாளி வகை: சிறு வாளி நிரம்பும்போதெல்லாம் சாயும், எத்தனை தடவை சாய்ந்தது என்பதே மழைக் கணக்கு. பக்கத்தில் கரண்ட் இல்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கை அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மழைமானியோடு மண் ஈர உணரியையும் சேர்த்து ‘மண்சரிவு எச்சரிக்கைக் கருவி’ என்று பெயர் வைக்கும் ஆசை நம் பகுதி மாணவர்களுக்கு வருவது இயல்பு. மழையை அளக்கும் கருவி என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளியேறுவதா என்பதை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் பஸர் அடிக்கவில்லை என்று நம்பி ஒரு குடும்பம் உள்ளே படுத்திருக்கக் கூடாது.

படி 2: முனைகளை எண்ணுங்கள், நினைவகத்தையும் எண்ணுங்கள்

முனை என்பது வயர் இணைக்கும் போர்டின் கால் (பின்). தொட்டிக்கு: மேல் மிதவை ஆளி 1, கீழ் மிதவை ஆளி 1, பஸர் 1, எல்ஈடி 2, எல்சிடி திரைக்கு ஐ2சி (இரண்டே வயரில் தரவு அனுப்பும் முறை) வழியில் 2. மொத்தம் 7 முனை. எப்போதும் மூன்று, நான்கு முனைகளை உபரியாக வையுங்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் 14 இலக்க (டிஜிட்டல்) முனைகளும் 6 ஒப்புமை (அனலொக்) முனைகளும் உண்டு. ஆனால் 0, 1 ஆகியவை யூஎஸ்பி தொடர்புக்குப் போய்விடும், ஏ4, ஏ5 ஐ2சிக்குப் போய்விடும். அப்படியும் தாராளம்.

நீர்மட்டத்துக்கு எல்லோரும் எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரியைத்தான் நாடுகிறார்கள். மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து சில வாரத்தில் அது கெடும். நீர்புகா ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கினால் ஈரம் தாங்கும், ஆனால் ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றருக்குள் உள்ளதை அதனால் அளக்க முடியாது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் தண்ணீர் அந்த எல்லைக்குள் வரும்! நிரம்பிவிட்டதா, வற்றிவிட்டதா என்ற இரண்டு கேள்விக்கு இரண்டு மிதவை ஆளிகள் போதும். 30 மீற்றர் வயரிலும் அவை வேலை செய்யும்.

அந்த நீள வயருக்கு ஒரு சிறு கவனம். ஆளி திறந்திருக்கும்போது முனையை 5 வோல்டில் பிடித்துவைக்க போர்டின் உள்ளே இருக்கும் மேலிழுப்புத் தடையி 20 முதல் 50 கிலோஓம் வரை. இவ்வளவு நீளத்துக்கு அது பலவீனம், பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டாலே பொய்யாகப் பஸர் அடிக்கும். வயர் வந்து சேரும் இடத்துக்கும் 5 வோல்டுக்கும் இடையில் 2.2 கிலோஓம் தடையி ஒன்று, முனைக்கும் தரைக்கும் (போர்டின் ஜிஎன்டி முனை) இடையில் 100 நானோபரட் கொள்ளளவி ஒன்று போடுங்கள். வயரிலிருந்து வருவது முனையைத் தொடுமுன் 1 கிலோஓம் தடையி ஒன்றைத் தாண்டட்டும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்குமுன் வயரை போர்டிலிருந்து கழற்றிவிடும்படி செருகியாக அமையுங்கள்.

நினைவகத்தைப் பலர் எண்ணுவதேயில்லை. ஊனோ ஆர்3, நானோ இரண்டிலும் இருப்பது ஏடிமெகா328பி: நிரலுக்கு 32 கிலோபைட், இயங்கும்போது மாறும் தரவுக்கு வெறும் 2 கிலோபைட், அதாவது 2,048 பைட். 128க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறிய ஓலெட் திரைக்கு வழமையான நிரல் நூலகம் 1,024 பைட் எடுக்கும். எஸ்டி அட்டை நூலகத்தின் இடைத்தாங்கி (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) 512 பைட். கூட்டினால் 1,536. மீதி 512 பைட்டில் உங்கள் மாறிகள், எழுத்துகள், மற்ற நூலகங்கள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், ஏற்றவும் படும், பிறகு திரை கறுப்பாகவே இருக்கும் அல்லது போர்ட் திரும்பத் திரும்ப மீளத் தொடங்கும். மாணவர் வயரிங்கைக் குறை சொல்லி இரண்டு நாள் தேடுவார். திரையும் அட்டையும் ஒன்றாக வேண்டுமென்றால் ஊனோவை விடுங்கள், அல்லது ஓலெட்டுக்குப் பதில் 16க்கு 2 எல்சிடி போடுங்கள். அதற்கு இந்த இடைத்தாங்கி தேவையில்லை.

படி 3: வோல்டைப் பொருத்துங்கள்

ஊனோ ஆர்3, நானோ: 5 வோல்ட். வைபை உள்ள ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266, அத்தோடு ராஸ்பெரி பை பீக்கோ: 3.3 வோல்ட். இந்த ஒரு வேறுபாட்டால் எரிந்த போர்ட்கள் ஏராளம்.

3.3 வோல்ட் தரும் உணரியை ஊனோ வாசித்துவிடும், ஏனெனில் அதற்கு ‘உயர்’ என்பது 3 வோல்டிலிருந்து. எதிர்த்திசைதான் ஆபத்து. எச்சி-எஸ்ஆர்04 இன் எக்கோ முனை 5 வோல்ட் தரும். அதை ஈஎஸ்பி32 முனையில் நேரே செருகக் கூடாது. உடனே எரியாமல் சில நாள் ஓடிவிட்டுச் சாவதால் காரணமும் தெரியாது. எக்கோவிலிருந்து 1 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 2 கிலோஓம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்கு வயர் எடுங்கள். 5 இல் மூன்றில் இரண்டு, 3.33 வோல்ட். 2 கிலோஓம் கையில் இல்லாவிட்டால் இரண்டு 1 கிலோஓமைத் தொடராக இணையுங்கள்.

ரிலேயிலும் (போர்ட் இயக்கும் மின்காந்த ஆளி) இதே சிக்கல் தலைகீழாக வரும். ‘தாழ்’ கொடுத்தால் இயங்கும் வகை 5 வோல்ட் ரிலே சில, 3.3 வோல்ட் போர்டோடு சேரும்போது முழுதாக அணையாது. அதன் எல்ஈடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அந்த அறிகுறியைக் கண்டால் இடையில் ஒரு திரான்சிற்றர் போடுங்கள். 230 வோல்ட் மோட்டாரை ரிலேயில் இணைப்பது மாணவர் வேலையல்ல. செயற்றிட்டத்துக்கு 12 வோல்ட் சிறிய பம்பி போதும்.

உணரியின் அளவெல்லையும் இங்கேதான் பார்க்க வேண்டும், ஏனெனில் நம் காலநிலை சந்தை மலிவுச் சரக்குக்கு ஒத்துவராது. டிஎச்டி11 ஈரப்பதத்தை 90 சதவீதம்வரைதான் அளக்கும், அதிலும் 5 சதவீதம் முன்பின்னாகும். பனிமூட்டம் இறங்கிய பின்னேரத்தில் காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும், உங்கள் வரைபடம் மேலே ஒரு கோடாக நின்றுவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி படியும் நாள்களில் இன்னொரு தொல்லை: டிஎச்டி11 பூச்சியத்துக்குக் கீழே அளக்காது. டிஎச்டி22 வாங்குங்கள். ஈரப்பதம் 100 வரை, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைவரை. அதை 2 விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் வாசிக்க வேண்டாம். கொழுந்து வாட்டும் மாடியில் வைக்கும் செயற்றிட்டத்துக்கும் இதுதான்.

படி 4: கரண்ட் கணக்கு

தொட்டிக் கருவி போன் சார்ஜரில் ஓடுவதால் கணக்குத் தேவையில்லை. பட்டரி என்றதும் பலர் சதுர 9 வோல்டை நோக்கிப் போகிறார்கள். அதில் இருப்பது சுமார் 500 மில்லியம்பியர் மணி. ஊனோ வெறுமனே நின்றாலே 50 மில்லியம்பியர் அளவில் குடிக்கும், ஒரு ரிலே இழுத்தால் இன்னும் 70. சில மணி நேரத்தில் ரிலே ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டு போர்ட் மீளத் தொடங்கும். புகைக் கண்டறிகருவிக்கான பட்டரி அது, நமக்கானதல்ல.

மழைமானிக்கு வருவோம். ஈஎஸ்பி32, 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 10 விநாடி வைபை பேசி, 120 மில்லியம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 96 தடவை, 960 விநாடி, அதாவது 0.27 மணி. செலவு நாளுக்கு 32 மில்லியம்பியர் மணி. நல்ல செய்தி. ஆனால் தூங்கும் நேரம்? சில்லு ஆழ்தூக்கத்தில் எடுப்பது 10 மைக்ரோஅம்பியர் அளவுதான். போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 சீராக்கி, யூஎஸ்பி சில்லு, மின்விளக்கு எல்ஈடி மூன்றும் தூங்குவதில்லை, சேர்ந்து 10 மில்லியம்பியர் அளவில் எடுக்கும். 24 மணிக்கு 240. மொத்தம் 272 இல் 240 வீண்.

இதைக் குறைக்க வெறும் மாடியூலையும் குறைந்த கசிவுள்ள சீராக்கியையும் ஈயம் வைத்து இணைக்கலாம். ஆனால் முதல் செயற்றிட்டத்துக்கு அது தேவையில்லை என்பது எங்கள் முடிவு. 2,000 மில்லியம்பியர் மணி கொண்ட, திரும்ப ஏற்றக்கூடிய நான்கு ஏஏ பட்டரியைத் தொடராக இணைத்து 5 வோல்ட் முனையில் கொடுங்கள், ஏழு நாள் ஓடும். வாரம் ஒருமுறை மாற்றினால் முடிந்தது. பட்டரி பூட்டியிருக்கும்போது யூஎஸ்பியைச் செருக வேண்டாம்.

ஏன் ஒற்றை 18650 லிதியம் பட்டரி இல்லை என்று கேட்பீர்கள். அது 3.7 வோல்ட். ஏஎம்எஸ்1117 தன் வழியில் 1 வோல்டுக்கு மேல் விழுங்கும், சில்லுக்குப் போவது 2.7. வைபை தொடங்கும் கணத்தில் நூற்றுக்கணக்கான மில்லியம்பியர் இழுக்கும்போது அதுவும் சரியும். கணினித் திரையில் ‘பிரவுன்அவுட்’ (வோல்ட் போதவில்லை) என்ற சொல் ஓடும். மெல்லிய, நீண்ட யூஎஸ்பி கேபிளாலும் இதே செய்தி வரலாம். போன் ஏற்றும் பவர் பேங்கும் உதவாது: இழுக்கும் கரண்ட் குறைந்ததும், போன் நிரம்பிவிட்டது என்று நினைத்து அது தானே அணைந்துவிடும்.

விடை எப்படிப் போய்ச் சேரும் என்பதும் கரண்டோடு சேர்ந்த கேள்வி. ஈஎஸ்பி32 பேசுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைபை மட்டும். ரவுட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இருந்தால் பெயரே தெரியாது. சரிவில் வைபை எட்டாவிட்டால் எஸ்ஐஎம்800எல் மாடியூலை நாடுவார்கள். அது 2ஜி மட்டும். வாங்குமுன் அதே இடத்தில் நின்று போனின் அமைப்பை 2ஜி மட்டும் என்று மாற்றி, ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். அது கணநேரத்துக்கு 2 அம்பியர் இழுக்கும், 3.4 முதல் 4.4 வோல்டுக்குள் கொடுக்க வேண்டும், போர்டின் 3.3 வோல்ட் முனையில் மாட்டினால் ஒருபோதும் இணையாது. எதுவும் எட்டாத இடமென்றால் எஸ்டி அட்டையில் எழுதி, பட்டரி மாற்றப் போகும்போது எடுத்துவாருங்கள்.

படி 5: இப்போது போர்ட்

தொட்டிக்கு நானோ. ஊனோவின் அதே சில்லு, சிறிய உருவம், 5 வோல்ட். பழகும்போது ஊனோ வசதி, நிரந்தரமாக வைக்க நானோ. புதிய ஊனோ ஆர்4 கிடைத்தால் நினைவகம் 32 கிலோபைட், ஆனால் ஒரு முனை தரக்கூடியது 8 மில்லியம்பியர்தான். ஆர்3 இன் 20 என்ற பழைய பாடத்தை அதில் போட வேண்டாம்.

மழைமானிக்கு ஈஎஸ்பி32. வாளி ஒருமுறை சாயும்போது ரீட் ஆளி (காந்தம் கிட்ட வந்தால் மூடும் ஆளி) மூடித் திறக்கும், போர்ட் தூங்கிக்கொண்டிருந்தாலும் அதை எண்ண வேண்டும். 33 ஆம் முனை ஆழ்தூக்கத்திலிருந்து எழுப்பக்கூடியது. 10 கிலோஓம் மேலிழுப்பு வெளியே போடுங்கள். ஈஎஸ்பி32 இல் தவிர்க்க வேண்டிய முனைகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 6 முதல் 11 வரை உள்நினைவகத்துக்கு உரியவை. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும், உள் மேலிழுப்பும் இல்லை. 12 ஆம் முனை தொடங்கும்போது உயர்ந்திருந்தால் போர்டே தொடங்காது. ஒப்புமை முனைகள் ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு குழு. ஏடிசி2 குழுவின் முனைகள் வைபை ஓடும்போது வாசிக்காது. ஒப்புமை உணரியை 32 முதல் 39 வரை உள்ளவற்றில் மட்டும் இணையுங்கள். ‘நிரல் தனியே ஓடியது, வைபை சேர்த்ததும் உணரி செத்தது’ என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பைதன் படிப்பவருக்கு பீக்கோ நல்லது: 264 கிலோபைட் நினைவகம், ஆனால் ஒப்புமை முனை மூன்றுதான். ஈஎஸ்பி8266 இல் ஒப்புமை முனை ஒன்றே ஒன்று. கையில் இருந்தால் பாவியுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். பழைய குறிப்புப் புத்தகங்களில் வரும் பிஐசி16எப்877ஏ, 8051 வகைகளுக்குத் தனி நிரலேற்றி வேண்டும். ஆசிரியர் கேட்டாலொழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 6: வாங்கும்போது

முனைக்கம்பிகள் ஒட்டப்பட்டனவா என்று கேளுங்கள். பீக்கோ பெரும்பாலும் ஒட்டாமல் வரும். 38 முனை ஈஎஸ்பி32 பிரெட்போர்டின் (ஈயமின்றி வயர் செருகும் துளைப் பலகை) துளைகளை மூடிவிடும், இரண்டு பிரெட்போர்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். 30 முனை வகை வசதி. மலிவு நானோவில் சிஎச்340 யூஎஸ்பி சில்லு இருக்கும், பழைய வின்டோஸில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டும். தரவு போகும் கேபிளா, சார்ஜ் மட்டும் பண்ணும் கேபிளா என்று சோதியுங்கள். முடிந்தால் போர்ட் இரண்டு வாங்குங்கள். ஒன்று எரிந்தால் பஸ் ஏற வேண்டியதில்லை, ஒன்று கெட்டதா நிரல் கெட்டதா என்றும் மாற்றிப் பார்த்து அறியலாம்.

ஈஎஸ்பி32 மென்பொருள் தொகுப்பு சில நூறு மெகாபைட். போன் டேட்டாவில் இறக்காமல் பாடசாலை ஆய்வுகூடத்திலோ நூலகத்திலோ முன்கூட்டியே இறக்கிவையுங்கள்.

படி 7: முதல் நாள்

எதையும் இணைக்காமல் எல்ஈடி சிமிட்டும் நிரலை ஏற்றுங்கள். நானோ ‘பதிலளிக்கவில்லை’ என்றால் ஆர்டுயினோ மென்பொருளின் புரொசெசர் பட்டியலில் பழைய பூட்லோடரைத் தெரிவுசெய்து பாருங்கள். பாதிப்பேருக்கு அங்கேயே தீரும். ஈஎஸ்பி32 இல் ஏற்றும்போது கணினித் திரையில் புள்ளி புள்ளியாக ஓடி நின்றால், புள்ளிகள் ஓடும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எல்சிடி நீலமாக எரிந்து எழுத்துத் தெரியாவிட்டால், பின்னாலுள்ள சிறிய நீலத் திருகியை மெல்லத் திருப்புங்கள். அதுவும் ஆகாவிட்டால் முகவரி 0எக்ஸ்27 க்குப் பதில் 0எக்ஸ்3எப்.

பிறகு ஓர் உணரி, அது ஓடினால் அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி ஒன்றாக ஏற்றினால் எது கெட்டது என்று தெரியவராது.

படி 8: பெட்டி

பிரெட்போர்டோடு மலையில் வைக்க வேண்டாம். அதன் உள்தகடுகள் ஈரத்தில் கறுத்து, ஆட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். புள்ளிப் பலகையில் ஈயம் வைத்து ஒட்டுங்கள். பெட்டியை முழுதாக மூடி முத்திரையிட்டால் பகல் வெயிலில் சூடேறிய காற்று இரவில் குளிர்ந்து உள்ளேயே தண்ணீராகும். அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை விடுங்கள், எறும்பு நுழையாமல் அதில் நுண்வலை ஒட்டுங்கள். வயர் பெட்டிக்குள் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழை நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஒட்டிய இடங்களுக்கு நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை பூசலாம். டிஎச்டி22 இன் துளைப் பக்கத்திலும் யூஎஸ்பி வாயிலும் மட்டும் பூச்சுப் படக் கூடாது.